லோவெண்டாம் கரையை அடைத்ததும் வெட்டியதும்

நீர் நிற்க. நிலம் விளைய. குடி தழைக்க.

எண்ணூற்று நாற்பது ஏரிகளுக்கும் அவற்றின் மடைகளுக்கும் மதகுகளுக்கும் உடையவராய், கீழ்க்கடல் முதல் மேற்குன்று வரை ஒரு துளி வீண்போகாமல் காப்பவராய், செந்நெல்வேலி மண்டலத்து மணிமுடி தரித்து மடைக்கோட்டை அரண்மனையில் வீற்றிருந்தருளும் அவனிகாத்த மாநீர்வேள் மகாராஜர் அவர்களின் திருவடிகளுக்கு, தேவரீரால் ஏரிநாயகம் என்னும் பட்டம் பெற்று ஏரிவாரியத்துக்குத் தலைமை பூண்டு, இப்போது பல கடல்களுக்கு அப்பால் ஒல்லாந்து என்னும் தாழ்நாட்டில் லோவெண்டாம் நகரத்தில் இருக்கும் குன்றன் மழவராயன் நெடுஞ்சாண்கிடையாக வீழ்ந்து எழுதிக்கொண்ட விண்ணப்பம். தேவரீரும் பட்டத்தரசியாரும் நலமே இருக்க வேண்டும். கீழ்க்கடற்கரை வயல்களில் உப்பு இதற்கு மேல் ஏறாதிருக்க வேண்டும். பெரிய ஏரி இந்த ஐப்பசியில் கலிங்கு பாய நிறைந்திருக்க வேண்டும்.

இவ்விடம் அடியேன் நலம் என்று எழுதப் பார்த்தேன், எழுத்தாணி ஓடவில்லை. உயிரோடு இருக்கிறேன் என்று மட்டும் அறிந்தருளவும்.

முதலில் ஒரு வேண்டுகோள். ஆவணி மாதக் கடைசியில் அடியேன் பறங்கிக் கப்பலில் அனுப்பிய ஓலையில், பெருங்கரை ஒன்றில் விழுந்த உடைப்பை அரைப்பகலில் அடைத்ததாகவும், இசுப்பானியத் தளபதி அடியேனைத் தம் ஆசனத்தில் இருத்தி விருந்திட்டதாகவும், செந்நெல்வேலியின் பெயர் இங்கே கொடிகட்டிப் பறப்பதாகவும் பெருமை பொங்க எழுதியிருந்தேன். அதைச் சபையில் வாசித்துவிட்டார்கள் என்றால் கேட்டவர்கள் மறந்துவிடட்டும். இன்னும் வாசிக்கவில்லை என்றால் அடுப்பில் இட்டுவிடச் சொல்லியருளவும். அந்த ஓலையில் எழுதிய ஒவ்வொரு சொல்லும் உண்மை. அதனால்தான் எரிக்கச் சொல்கிறேன்.

சபையில் புதிதாய் அமர்ந்தோர் அறியும்பொருட்டு நடந்ததை அடியிலிருந்து சொல்கிறேன். கடல் நம் கிழக்கு வயல்களில் ஏறி நெல்லைக் கருக்கியபோது, கடலையே கரைகட்டி நிறுத்தி, கடல்மட்டத்துக்குக் கீழே மாடு மேய்க்கும் மக்கள் ஒல்லாந்து நாட்டில் உண்டென்று பறங்கி வணிகர் சொல்ல, அந்த வித்தையைக் கற்றுவரும்படி தேவரீர் அடியேனையும், மண்வேலையில் கைதேர்ந்த மாகாளி முதலிய நால்வரையும், முத்துக்குளிக்கும் கரையில் பிறந்து பறங்கி மொழியும் இசுப்பானிய மொழியும் அறிந்த துபாசி கசுபாரையும் கப்பலேற்றி அனுப்பியருளினீர். வந்து இறங்கினால் நாடே போரில் கிடக்கிறது. இந்நாட்டை ஆளும் இசுப்பானிய மன்னர் தொலைவில் தம் ஊரில் இருக்கிறார். வரியைப் பற்றியும் வழிபாட்டைப் பற்றியும் அவரோடு மாறுபட்டு இந்நாட்டார் எழுந்துவிட்டார்கள். அவர் படை ஊர் ஊராய் வளைக்கிறது. இசுப்பானியருக்கு நட்பான பறங்கி அரசரின் அனுமதிச் சீட்டோடு வந்தவர்கள் ஆகையால், லோவெண்டாம் நகரை முற்றுகையிட்டிருந்த தளபதி எங்களை விருந்தினராக ஏற்றுத் தம் பாசறையிலேயே நிறுத்திக்கொண்டார். நாங்களும் தானுண்டு தன் வேலையுண்டு என்று கரைகளை அளந்துகொண்டிருந்தோம். மதிலுக்குள்ளே இருப்பவர்கள் யார், என்ன தின்கிறார்கள் என்று அடியேன் ஒருநாளும் கேட்கவில்லை.

ஆவணி இருபத்திரண்டாம் நாள் காலை, அடியேனும் நால்வரும் நடுக்கரை என்னும் நீண்ட கரையின்மேல் நடந்து போனோம். அதற்கு ஒருபுறம், எங்கோ வெளிக்கரை உடைந்து உள்ளே வந்த கடல்நீர் தளும்பி நின்றது. மறுபுறம் பச்சைப் பசேலென்ற மேய்ச்சல் நிலம்; அதற்கும் அப்பால் நகரத்து மதில். வளைவில் திரும்பியதும் கண்டோம். ஐயோ, எட்டு முழத்துக்குக் கரை வாய் பிளந்து கிடக்க, உப்புநீர் மேய்ச்சல் நிலத்தில் விழுந்து ஓடிக்கொண்டிருந்தது! சிப்பாய்கள் நூறு பேர் மண்ணை வாரி வாரிக் கொட்ட, கொட்டிய மண்ணையெல்லாம் நீர் விழுங்கிக்கொண்டிருந்தது. மாகாளி தலையில் அடித்துக்கொண்டு, ‘என்ன சாமி இது, ரசத்துல உப்பு போடுற மாதிரி மண்ணப் போடுறானுவ’ என்றான்.

நம் மண்டலத்தில் பேச்சுப் பழகும் பிள்ளைக்கும் தெரிந்த வழக்கம் முதற்கூடை. உடைப்பைக் கண்டவன், அது பகைவன் ஏரியே ஆனாலும், யார் ஏரி என்று வாய்திறந்து கேட்கும் முன் முதற்கூடை மண்ணை இடவேண்டும். மண் இல்லையேல் மேல்துண்டை, அதுவும் இல்லையேல் தன் உடம்பை. கரையை வெட்டியவனுக்கோ செந்நெல்வேலி ஏரிகளில் ஒரு கைநீரும் இல்லை. வெட்டுவதைக் கண்டும் தடுக்காதவனுக்கும் அதே தண்டனை. அந்தத் தீர்ப்பை எழுதுவது ஏரிநாயகத்தின் கை. இருபத்தாறு ஆண்டுகள் அந்தப் பதவியில் இருந்தவனுக்கு அன்று யோசிக்க என்ன இருந்தது? தலைப்பாகையை அவிழ்த்து உடைப்பில் எறிந்தேன். சிப்பாய்களை விலகச் சொல்லிக் கத்தினேன். ஓட்டத்துக்குக் குறுக்கே முளைகள் அடித்து, நாணற்கட்டுகளை வைக்கோற்புரியால் பிணைத்து இறக்கி, களிமண் மிதித்து, நட்டநடுவே அடிமரம் போன்ற பெருமுளை ஒன்றை நாங்கள் ஐவரும் சேர்ந்து அறைந்து இறக்கினோம். உச்சிவெயில் ஏறுமுன் நீர் நின்றது. சிப்பாய்கள் தொப்பியை வீசி ஆரவாரித்தார்கள். அன்று மாலை விருந்தில் அடியேன் வயிறாரத் தின்றேன் என்பதையும் மறைக்காமல் எழுதுகிறேன்.

ஒன்பதாம் நாள், அந்த அடைப்பை இரகசியமாய்த் தோண்டிக்கொண்டிருந்த ஒருவரைப் பிடித்து, கைகளைக் கட்டி எங்கள் கூடாரத்துக்குக் கொண்டுவந்தார்கள். இவரும் உங்கள் தொழில்தான், பேசிப் பார்த்துக்கொள்ளுங்கள், நாளை இவருக்கு நேரமிராது என்று தளபதி சிரித்துக்கொண்டே சொல்லியனுப்பியிருந்தார். வந்தவர் பெயர் மார்ட்டன் தெர்ஹால். வயது அடியேனுக்கு ஒத்தது. இந்நாட்டுக் கரைகளுக்கெல்லாம் காவலராக ஊரார் தேர்ந்த தலைவர். அதாவது இவ்வூர் ஏரிநாயகம். அவர் அடியேன் முகத்தைப் பார்க்கவில்லை, உள்ளங்கைகளைப் பார்த்தார். பிறகு இசுப்பானிய மொழியில் ஏதோ கேட்டார். கசுபார் தயங்கித் தயங்கி, ‘அடைச்சது நீங்கதானான்னு கேக்காரு’ என்றான். ஆம் என்றேன். ‘நல்லா அடைச்சிருக்கீயன்னு சொல்லுதாரு. மூணு நாளா தோண்டியும் அசைய மாட்டேங்காம்’ என்றான்.

தொழில் தெரிந்தவர் வாயால் வந்த புகழ் ஆகையால் அடியேனுக்கு உச்சி குளிர்ந்தது. அடுத்து கசுபார் சொன்னதைக் கேட்டதும் அந்தக் குளிர்ச்சி போன இடம் தெரியவில்லை. ‘அந்தக் கரைய வெட்டுனதே இவருதானாம். முதல்ல முங்குனது இவரு நிலந்தானாம். தெரிஞ்சேதான் வெட்டுனாராம்.’ அடியேனுக்குக் கோபம் தலைக்கேறியது. வேலியே பயிரை மேய்ந்த கதையை ஏட்டில் படித்திருக்கிறேன், இன்றுதான் நேரில் பார்க்கிறேன் என்றும், கரை காக்கச் சத்தியம் செய்தவன் கரையை வெட்டினால் அவன் குலம் விளங்குமா என்றும், எங்கள் நாடாய் இருந்தால் உனக்குக் குடிக்கத் தண்ணீர் கிடைக்காது என்றும் கத்தினேன். கசுபார் அவ்வளவையும் மொழிபெயர்த்தானோ பாதியை விழுங்கினானோ அறியேன். கட்டிய கைகளோடு நின்றவர் கத்தவில்லை.

அவர் சொன்னதன் சாரம் இது. நகரத்துக்குள் தானியம் தீர்ந்து ஏழு வாரம் ஆகிறது. குதிரைத்தோலை வேகவைத்துத் தின்கிறார்கள். மரத்து இலைகளைத் தின்கிறார்கள். பசியின் பின்னால் கொள்ளைநோயும் வந்துவிட்டது. கடற்பக்கம் அவர்கள் உறவினர் தட்டையடிப் படகுகளில் ரொட்டியும் உப்பிட்ட மீனும் ஏற்றிக் காத்து நிற்கிறார்கள். தரைவழி முழுதும் இசுப்பானியர் கையில். ஆகவே வயல்களின்மேல் படகு செலுத்த எண்ணி, ஊரார் கூடி ஒருமனதாய்த் தங்கள் கரைகளைத் தாங்களே வெட்டினார்கள். வெளிக்கரை வெட்டியாயிற்று, நடுக்கரையும் வெட்டியாயிற்று, படகுகள் நகரும் வேளையில் தலைப்பாகையை அவிழ்த்துக்கொண்டு அடியேன் ஓடிப்போயிருக்கிறேன். ‘முங்குன நெலத்த பத்து வருசத்துல மீட்டுரலாமாம். செத்த புள்ளய எத்தன வருசத்துல மீட்பீயன்னு கேக்காரு’ என்று சொல்லிவிட்டுக் கசுபார் வெளியே போய்விட்டான்.

ஆழம் தெரியாமல் காலை விட்டவன் என்று பிறரை எத்தனையோ முறை ஏசியிருக்கிறேன். அடியேன் காலை விட்டது ஒரு நகரத்தின் தொண்டைக்குழியில். அவர் திட்டவுமில்லை, சபிக்கவுமில்லை. காவலர் வந்து வெளியே இழுத்துப் போனபோது, அடைத்தவனுக்குத்தான் அந்த அடைப்பு எங்கே தட்டினால் விடும் என்ற நோவிடம் தெரியும் என்று ஒரு வார்த்தை சொன்னதாய்க் கசுபார் பிறகு தெரிவித்தான். மறுநாள் காலை, நீர் இறைக்கும் காற்றாலையின் சட்டத்தில் அவரைத் தூக்கிலிட்டார்கள். அவரே தம் கையால் செப்பனிட்ட காற்றாலை அது என்று சிப்பாய்கள் வேடிக்கையாய்ப் பேசிக்கொண்டார்கள்.

அன்று உணவின்போது, நகரம் பணிந்து கதவைத் திறந்தால் உள்ளே இருப்போருக்கு அபயம் உண்டா என்று அடியேன் தளபதியைக் கேட்டேன். அவர் இறைச்சியை அறுத்துக்கொண்டே, சென்ற ஆண்டு வேறொரு நகரம் தம் வாக்கை நம்பித் திறந்ததாகவும், அங்கே வாளெடுத்தவர் அத்தனை பேரையும் இருவர் இருவராய் முதுகோடு முதுகு பிணைத்து ஆற்றில் தள்ளியதாகவும், வெட்டுவோரின் கை சோர்ந்ததால் அந்த வழி எளிதாய் இருந்ததாகவும், லோவெண்டாமுக்கும் வேறு வழி நினைக்கவில்லை என்றும் அமைதியாகச் சொன்னார். தேவரீர், மனிதனைக் கொல்லத் தண்ணீரை ஏவலாளாய் வைத்துக்கொள்ளும் பேச்சை அடியேன் இந்த வயதில்தான் முதன்முதலாகக் கேட்டேன். எழுந்து வெளியே வந்துவிட்டேன். உண்ட கலத்தைக் கழுவவுமில்லை.

பிறகு ஒன்பது நாள். பாம்பென்று தாண்டவும் முடியவில்லை, பழுதென்று மிதிக்கவும் முடியவில்லை. பட்டமேற்ற நாளில் பெரிய ஏரியில் மார்பளவு நீரில் நின்று, கரைக்குத் தீங்கு செய்யேன் என்று தேவரீர் முன் சத்தியம் செய்த உடம்பு இது. சத்தியத்தைக் காத்தால் மதிலுக்குள் ஊர் சாகிறது; ஊரைக் காத்தால் அடியேன் தாகத்துக்கு நம் நாட்டில் நீரில்லை. இருபத்தாறு ஆண்டுகள் பிறருக்குத் தீர்ப்பெழுதும்போது ஒரு நாழிகைக்கு மேல் யோசித்ததில்லை என்பதும் அப்போதுதான் உறைத்தது.

அடைப்பைத் தினமும் பார்வையிடும் பொறுப்பைத் தளபதி அடியேனுக்கே தந்திருந்தார். புரட்டாசி பத்தாம் நாள், மகாளய அமாவாசை. நம் ஊரில் மூத்தோருக்கு எள்ளும் நீரும் இறைக்கும் நாள். இந்தக் கடலுக்கோ ஏற்றம் மிகும் நாள். வடமேற்குக் காற்றும் சேர்ந்து, காலையிலேயே நீர் கரையின் விளிம்பைத் தொட்டது. காவலர் வழக்கம்போல் வணங்கி வழிவிட்டுக் கொட்டகைக்குப் போய்ப் பகடையாட உட்கார்ந்தார்கள். அடியேன் நால்வரையும் நிறுத்தி, மேற்கு நோக்கித் திரும்பி நிற்கும்படியும், என்ன ஓசை கேட்டாலும் முகம் திருப்பக் கூடாதென்றும், இது ஏரிநாயகத்தின் ஆணை என்றும் சொன்னேன். காணாதவனுக்குக் குற்றமில்லை அல்லவா? மாகாளிக்கு விளங்கிவிட்டது. ‘சாமி, அந்த மம்பட்டிய எங்கிட்ட குடுங்க’ என்றான். வாயை மூடு என்றேன். அடியேனைவிடப் பத்து வயது மூத்தவனை அப்படிச் சொன்னேன்.

முதல் கொத்து களிமண்ணில் இறங்கியது. பிறகும் வெட்டினேன். ஐவர் அறைந்த பெருமுளையை ஒருவன் எப்படிப் பிடுங்கினான் என்று மகாமந்திரியார் கேட்பார். அவர் கணக்கில் கெட்டி. காற்றும் ஏற்றமும் பிடுங்கின என்று அவருக்கு அறிவித்தருளவும். முளை போனதும் நாணல் போயிற்று. நாணல் போனதும் கரை போயிற்று. அடைக்க அரைப்பகல் பிடித்தது திறக்க ஒரு நாழிகைகூடப் பிடிக்கவில்லை. பச்சை நிலத்தின்மேல் நீர் மதிலை நோக்கி ஓடியதைப் பார்த்து அடியேன் வாய்விட்டு அழுதேன். மகிழ்ந்து அழுதேனா பயந்து அழுதேனா என்று கேட்டால் சொல்லத் தெரியாது.

கடலே உடைத்தது என்று நம்பிய இசுப்பானியர் மறுநாள் உச்சிக்குள் உயர்ந்த சாலைவழியே பீரங்கிகளையும் போட்டுவிட்டு ஓடினார்கள். மாடு மேய்ந்த இடத்தில் படகுகள் வந்தன. அவற்றில் ஒன்றில் ஏறி நாங்களும் நகரத்துக்குள் போனோம். ஆரவாரம் இருக்கும் என்று எண்ணியிருந்தேன். ஒரு சத்தமும் இல்லை. சத்தம் போட ஒருவருக்கும் தெம்பில்லை. ஒரு பெண் ரொட்டியைக் கையில் வாங்கி, தின்னாமல் முகர்ந்துகொண்டே நின்றாள். ஒருவன் அவசரமாய்த் தின்று எங்கள் கண்முன்னே சுருண்டு விழுந்து செத்தான். மாகாளி மூட்டை சுமக்கும் வேலையை விட்டுவிட்டு, மெல்ல மெல்ல என்று தமிழில் கெஞ்சிக்கொண்டே ஒவ்வொருவர் வாயிலும் துண்டு துண்டாய் ஊட்டினான்.

கோயில் மணியடிப்பவரிடம் இறந்தோரின் பெயரேடு இருந்தது. ஆவணி இருபத்திரண்டு முதல் புரட்டாசி பத்து வரை எத்தனை பேர் என்று கசுபாரைக் கேட்கச் சொன்னேன். வேண்டாம் என்றான், அதட்டினேன். அறுநூற்றுப் பன்னிருவர். தேவரீர், அடியேன் இட்ட முதற்கூடையின் கனம் அது.

மார்ட்டனின் மனைவி உயிரோடு இருந்தார். அடைத்தவன் அடியேன் என்றும், அவர் கணவர் தூக்கிலிடப்பட்டதைக் கண்டேன் என்றும் கசுபார் வழியாய் மறைக்காமல் சொல்லி, அவர் காலடியில் விழுந்தேன். அந்த அம்மையார், அடைப்பைப் பற்றித் தம் கணவர் ஏதாவது சொன்னாரா என்று கேட்டார். நன்றாய் அடைத்திருப்பதாய்ச் சொன்னார் என்றேன். முப்பது ஆண்டில் அவர் ஒருவர் வேலையையும் நன்று என்று சொன்னதில்லையே என்று சொல்லி, எழுந்து உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டார்.

தேவரீர் அனுப்பிய காரியம் கெடவில்லை. அலையைத் தாங்கக் கரையடியில் நாணல்மெத்தை நெய்து இறக்கும் முறையையும், ஏற்றத்தில் தானே மூடி இறக்கத்தில் தானே திறக்கும் மதகுக்கதவு செய்யும் முறையையும் நால்வரும் இங்கே கரைவேலையில் சேர்ந்து கைப்பழக்கமாய்க் கற்றுவிட்டார்கள். ஏட்டில் எழுதி முடியாத வித்தை அது. நம் கிழக்கு வயல்கள் பிழைப்பதென்றால் அந்த எட்டுக் கைகளால்தான் பிழைக்கும். கசுபாரோடு அவர்கள் வரும் ஆவணி மாதத்துக்குள் மடைக்கோட்டைத் துறையில் வந்து இறங்குவார்கள்.

அடியேன் வரவில்லை. ஏரிநாயகம் என்ற முறையில் கடைசியாய் ஒரு தீர்ப்பு எழுதுகிறேன். சபையார் எழுந்து நின்று கேட்கவும். குன்றன் மழவராயன் என்பவன் கரையை வெட்டினான். செந்நெல்வேலி ஏரிகளில் அவனுக்கு ஒரு கைநீரும் இல்லை. ஏரிவாரியக் கல்லில் அவன் பெயர் இருக்கலாகாது. அயல்நாட்டுக் கரைதானே என்று யாரேனும் இரங்கிப் பேசினால் தேவரீர் செவிசாய்க்க வேண்டாம். முதற்கூடைக்குப் பகைவன் ஏரியும் நம் ஏரியும் ஒன்று என்றால், வெட்டுக்கும் ஒன்றுதான். வெட்டியதற்காக வருந்துகிறானா என்று கேட்டால் இல்லை. அதற்காகத் தண்டனை வேண்டாம் என்று கேட்கவுமில்லை. இந்த ஊரார் தங்கள் வயல்களை மீண்டும் கடலிலிருந்து எடுக்கப் பத்து ஆண்டு ஆகும். அதுவரை மண்சுமக்க அடியேனைச் சேர்த்துக்கொண்டிருக்கிறார்கள்.

ஐப்பசி நான்காம் நாள், லோவெண்டாம் நகரத்திலிருந்து, ஏரிவாரிய முத்திரை இதன்கீழ் இட்டு, அந்த முத்திரையையும் கழற்றி மாகாளி கையில் கொடுத்தனுப்பினேன். இம்முத்திரையின் கடைசி ஆணை இதுவே: வந்து இறங்கும் நால்வருக்கும் துறையிலேயே பெரிய ஏரி நீரை முகந்து கொடுத்து அழைத்துக்கொள்க. தாங்களும் கூடச் சேர்ந்து வெட்டியதாக அவர்கள் சொல்வார்கள். மாகாளி அழுதுகொண்டே, ஏரிமேல் ஆணையிட்டுச் சொல்வான். ஒருவர் சொல்லையும் நம்ப வேண்டாம், மகாராஜரே. நால்வரும் பொய் சொல்கிறார்கள்.